கேஜை இழுக்காதவர்

தங்கச் சுரங்கத் தொழிலாளர்களுக்காகக் கட்டிய ஊரிகம் லைன் வீடுகளில் ஐடாவின் கோபம் தெரியாதவர்கள் இல்லை. தண்ணீர் லாரிக்காரனிலிருந்து சர்ச் கமிட்டிச் செயலாளர் வரைக்கும் எல்லோரும் அவளிடம் ஒரு முறையாவது வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள்தான். ஆனால் அந்தக் கோபம் வந்த வேகத்தில் போய்விடும். காலையில் திட்டியவனுக்கே சாயங்காலம் டீ கொடுப்பாள். இந்த முறை வந்தது அப்படிப் போகவில்லை. பதினெட்டு நாளாக நெஞ்சில் குந்திக்கொண்டு, அவளோடு விடியற்காலை ரயிலேறி பெங்களூர் போய், அவளோடேயே திரும்பி வந்தது.

காரணம் ஒரு புத்தகம். பெங்களூரில் ‘ஷாஃப்ட் செவன்’ என்று ஒரு பாட்டுக் குழு இருக்கிறது. ஐந்து பையன்கள். தமிழ், கன்னடம், இங்கிலீஷ் மூன்றையும் ஒரே வரியில் போட்டுப் பிசைந்து பாடுவார்கள், பாடிக்கொண்டே ஆடுவார்கள். அவர்களுடைய வீடியோக்களுக்குள் ஒரு கதை ஓடும். தங்கச் சுரங்கத்தில் ஏழாவது லெவலில் மாட்டிக்கொண்ட ஐந்து பேர், மேலே ஏற்றிவிடும் கேஜ் என்ற இரும்புக் கூண்டு வராமல், சாகவும் முடியாமல், ஒவ்வொரு பாட்டிலும் ஒவ்வொரு காலத்துக்குள் கதவைத் திறந்துகொண்டு போகிறார்கள். ஒரு வீடியோவில் கதை ஒரு துண்டுதான் வரும். மிச்சத்தை ரசிகர்கள் ஊகித்து, ஊகித்ததற்காகச் சண்டை போட்டு, சட்டையைக் கிழித்துக்கொள்ளாத குறையாக மூன்று வருஷம் ஓட்டினார்கள். கம்பெனி பார்த்தது. முழுக்கதையையும் புத்தகமாகப் போட்டுவிட்டது. ‘கீழே ஐந்து பேர்’. முந்நூற்றுப் பன்னிரண்டு பக்கம், கூடவே நம்பர் போட்ட ஒரு பித்தளை டோக்கன். அந்தக் காலத்தில் சுரங்கத்தில் இறங்குகிறவர்கள் கையில் கொடுத்தார்களே, அதே மாதிரி டோக்கன். அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு திரியும் ரசிகர்கள் தங்களையே ‘டோக்கன்’ என்றுதான் சொல்லிக்கொள்கிறார்கள். ஐடாவின் மகள் வின்னியும் ஒரு டோக்கன்.

ஐந்து பேரும் ஏன் கீழேயே மாட்டிக்கொண்டார்கள் என்ற ரகசியம் இருபத்திரண்டாம் அத்தியாயத்தில் வருகிறது. கீழேயிருந்து மேலே பெல் அடித்துத் தகவல் சொல்கிற பெல்மேன் ராஜப்பா கை கிழியக் கிழிய பெல் அடிக்கிறான். வீடியோவில் இந்த ராஜப்பா வேடம் கட்டுவது குழுவின் முதல் பாடகன் ரூபேஷ். மேலே கேஜை இழுக்கிற வைண்டிங் டிரைவர் அந்த பெல்லைக் கேட்கிறார், கொட்டாவி விடுகிறார், தூங்கிவிடுகிறார். அந்த டிரைவரின் பெயர் ஏசுபாதம்.

ஐடாவின் அப்பா பெயரும் ஏசுபாதம். அவரும் வைண்டிங் டிரைவர்தான். தொண்ணூற்று மூன்றில் ஏழாவது லெவலில் பாறை வெடித்து ஐந்து பேர் செத்தபோது அந்த ஷிஃப்டில் இன்ஜினில் இருந்தவர் அவரேதான். செத்த ஐவரில் ராஜப்பா என்ற பெல்மேன் ஒருவர். இதெல்லாம் தற்செயல் இல்லை. புத்தகத்தை எழுதியவன் ஏசுபாதத்தின் மகன், ஐடாவின் கூடப்பிறந்த தம்பி, ஸ்டீவன்.

வெளியாள் எவனாவது எழுதியிருந்தால் ஐடா அவன் சட்டையைப் பிடித்திருப்பாள், கதை முடிந்திருக்கும். தம்பி என்பதால் பதினெட்டு நாள் ஆயிற்று.

புத்தகம் வந்த முதல் வாரத்திலேயே டோக்கன்கள் ஷேர் ஆட்டோ பிடித்து வர ஆரம்பித்தார்கள். பெங்களூர், வேலூர், சென்னை என்று எங்கிருந்தோ. நிஜமான ஏசுபாதம் எழுபத்து நாலு வயதில், ஊரிகம் ஸ்டேஷனுக்குப் பின்னால், மகள் வீட்டில் உயிரோடு இருக்கிறார் என்று யாரோ கண்டுபிடித்து நெட்டில் போட்டுவிட்டார்கள். சுவரில் சாக்பீஸால் ‘பெல் கேக்குதா தாத்தா?’ என்று எழுதினார்கள். ஐடா தண்ணீர் விட்டுக் கழுவினாள். மறுநாள் பெயின்டில் எழுதினார்கள். பிறகு அதைவிட நல்ல விளையாட்டு ஒன்று கிடைத்தது அவர்களுக்கு. பாட்டில் வரும் அந்த பெல் சத்தத்தை போனில் வைத்து, ஜன்னலோரம் வந்து மூன்று முறை அடித்தார்கள்.

வைண்டிங் டிரைவருக்குக் கண்ணால் ஆகிற காரியம் ஒன்றும் இல்லை. இன்ஜின் ரூம் ஓரிடம், கேஜ் இறங்குகிற குழியான ஷாஃப்ட் ஓரிடம். நாலாயிரம் அடிக்குக் கீழே யார் நிற்கிறார்கள், இருக்கிறார்களா, செத்தார்களா, எதுவும் தெரியாது. பெல் ஒன்றுதான் பேச்சு. மூன்று அடித்தால் ஆள் ஏறுகிறார்கள் என்று அர்த்தம். பெல் வராமல் கேஜை அசைத்தால், பாதி ஏறியவன் துண்டாகிப் போவான். அதனால் மேனேஜரே வந்து கத்தினாலும் பெல் இல்லாமல் லீவரில் கை வைக்கக் கூடாது. பெல் வந்தால் ஒரு மூச்சுகூடத் தாமதிக்கக் கூடாது. இருபத்தாறு வருஷம் இந்த இரண்டே வாக்கியத்தில் வாழ்ந்த மனிதர் ஏசுபாதம். ஜன்னலில் மூன்று பெல் அடித்ததும் பிளாஸ்டிக் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். வலது கை முன்னால் போய், இல்லாத லீவரைத் தேடியது. வெளியே சிரித்துக்கொண்டே படம் பிடித்தார்கள். ஒன்பது லட்சம் பேர் பார்த்தார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஸ்டீவன் வந்தான். கே.ஆர்.புரத்தில் குடியிருக்கிறான், மாதத்துக்கு ஒரு முறை அப்பாவைப் பார்க்க வருவான். கையில் பிரியாணிப் பொட்டலம். ஐடா பொட்டலத்தை வாங்காமல் புத்தகத்தை அவன் முன்னால் போட்டாள்.

“இன்னாடா இது?”

“கதைக்கா.”

“கதைன்னா கண்டவன் பேரை வெச்சு எழுது. பெத்தவன் பேரு எதுக்கு உனக்கு?”

ஸ்டீவன் செருப்பைக் கழற்றிக்கொண்டே பேசினான், முகத்தைப் பார்க்கவில்லை. “கம்பெனியில நெஜப் பேரு, நெஜ எடம் வேணும்னாங்க. ஃபேன்ஸ் தேடிக்கினு போவணும்னாங்க. செத்த மத்த நாலு பேரோட பேரை மாத்திட்டேன். இந்த ரெண்டு பேரை மாத்தினா எனக்கு எழுத வரல. ஊரே சொன்னதைத்தானே எழுதினேன்?”

“ஊரு சொல்லிச்சின்னா? ஊரா கேஜ் ஓட்டிச்சு? அன்னிக்கு உனக்கு எட்டு வயசு.”

“எட்டு வயசுலேர்ந்து பதினெட்டு வயசு வரைக்கும் எனக்கு ஸ்கூல்ல இன்னா பேரு தெரியுமா? தூங்குமூஞ்சி மவன்.” இப்போது அவனுக்கும் குரல் ஏறியது. “உன்னைச் சொன்னப்போ நீ டிபன் பாக்ஸால அந்தப் பொண்ணு பல்லை ஒடச்சே. என்னால ஒடைக்க முடியல. வாங்கிக்கினு வந்தேன். இவரு ஒரு நாளாவது வாயத் தொறந்து, நான் தூங்கலடான்னு சொன்னாரா? சொல்லியிருந்தா நான் ஏன் இப்படி எழுதுறேன்?”

பல் உடைத்தது உண்மைதான். ‘உங்கப்பன் தூங்கிட்டான், அஞ்சு பேரு செத்துட்டாங்க’ என்று ஒருத்தி சொன்னாள். பதின்மூன்று வயது ஐடா எவர்சில்வர் டிபன் பாக்ஸை வீசினாள். அந்தப் பல்லுக்காக இன்றுவரை வருத்தப்பட்டதில்லை.

“பெல் வரலடா” என்றாள் ஐடா. “அன்னிக்கு விடியக்காலம் வந்து அம்மாகிட்ட சொன்னாரு. நான் போர்வைக்குள்ள முழிச்சினு இருந்தேன். ‘ஒரு பெல்லுகூட வரல ஆனி. ஒண்ணு வந்திருந்தா இழுத்திருப்பேன்’ன்னு சொல்லி அழுதாரு. மனுஷன் அழுது நான் பாத்தது அது ஒரு வாட்டிதான்.”

ஸ்டீவன் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தான். பிறகு, “இதை இப்போ சொல்றே” என்றான்.

“நீ எப்போ கேட்டே?”

“புக்கு அம்பதாயிரம் போயிட்டுது. நான் இன்னா பண்ணட்டும்?”

ஐடா அப்பா பக்கம் திரும்பினாள். ஏசுபாதம் நாற்காலியில் உட்கார்ந்து, இவ்வளவு பேச்சையும் யார் வீட்டுச் சண்டையோ என்பதுபோலக் கேட்டுக்கொண்டிருந்தார்.

“நீங்களே இவன்கிட்ட சொல்லுங்க.”

“உட்டுடு ஐடா.”

“எதுக்கு உடணும்?”

“சரோஜா கீறா” என்றார் அவர். அவ்வளவுதான். அதற்குமேல் ஒரு வார்த்தை வாங்க முடியவில்லை.

சரோஜம்மா ராஜப்பாவின் மனைவி, பின் லைனில் ஐந்தாவது வீடு. புத்தகம் வந்ததிலிருந்து அவள் வீடு ஒரு கோயிலாகியிருந்தது. டோக்கன்கள் வந்து காலைத் தொட்டுக் கும்பிட்டார்கள், பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். மாலை போட்ட ராஜப்பா படத்துக்குப் பக்கத்திலேயே ரூபேஷின் போஸ்டரை அவள் ஒட்டி வைத்திருந்தாள். இந்த வயதில் கிடைத்த மரியாதையைக் கெடுக்க வேண்டாம் என்று அப்பா நினைக்கிறார் என்றுதான் ஐடாவுக்குப் பட்டது. அவளுக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது. அந்த வீட்டுக்கு மாலை, இந்த வீட்டுக்கு மண். இதில் பெருந்தன்மை என்ன வேண்டிக்கிடக்கிறது?

ஐடா பெங்களூரில் ஒரு ரெடிமேட் துணிக் கம்பெனியில் செக்கர். ஒரு நாளைக்கு அறுநூறு சட்டை அவள் கையைக் கடந்து போகும். தையல் விட்ட இடத்தில், நூல் தொங்கும் இடத்தில், சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கரை ஒட்டித் திருப்பி அனுப்புவாள். சூப்பர்வைசர் ஒன்றுமில்லை என்று சத்தியம் செய்த சட்டையிலும் அவளுக்குப் பிழை தெரியும். அந்த வாரம் ரயிலில் போகும்போதும் வரும்போதும் புத்தகத்தை அப்படித்தான் படித்தாள். தம்பி நன்றாக எழுதியிருந்தான். அது வேறு எரிச்சல். புதன்கிழமை மாரிகுப்பம் வண்டியில், நின்றுகொண்டே, எண்பத்தெட்டாம் பக்கத்தில் முதல் ஸ்டிக்கரை ஒட்டினாள்.

எண்பத்தெட்டாம் பக்கத்தில் பாறை வெடிக்கிறது. ராஜப்பா பெல் இருக்கும் இடத்திலிருந்து இருநூறு அடி உள்ளே இருக்கிறான். முன்னாலும் பின்னாலும் கல் விழுந்து வழி அடைபட்டுவிடுகிறது. பிறகு புத்தகத்தில் எங்குமே அந்த வழி திறக்கவில்லை. ஆனால் இருநூற்று நாற்பத்தோராம் பக்கத்தில் அதே ராஜப்பா பெல் அடித்துக்கொண்டிருக்கிறான்.

ஸ்டீவன் எப்படித் தவறினான் என்று ஐடாவுக்குப் புரிந்தது. ராஜப்பாவின் உடல் எங்கே கிடைத்தது என்பது லைனில் எல்லோருக்கும் தெரியும். பெல்லுக்குப் பக்கத்தில் இல்லை, உள்ளே, இருநூறு அடி தள்ளி. அந்த நிஜத்தை அவன் ஓரிடத்தில் எழுதிவிட்டான். ஊர்ப் பேச்சை இன்னோரிடத்தில் எழுதினான். இரண்டும் ஒட்டாது என்பது அவனுக்கு உறைக்கவில்லை. ஊருக்கும்தான் முப்பத்திரண்டு வருஷமாக உறைக்கவில்லை.

வின்னியிடம் காட்டினாள். வின்னி இரண்டு பக்கத்தையும் மாறி மாறிப் படித்துவிட்டு வாயைப் பிளந்தாள். “மம்மி, இதை யாருமே கண்டுபிடிக்கல. பக்க நம்பரோட சொன்னா டோக்கன்ஸ் நம்புவாங்க. சும்மா சொன்னா நம்ப மாட்டாங்க.”

“பக்க நம்பரோடயே சொல்றேன்” என்றாள் ஐடா.

சனிக்கிழமை சாயங்காலம் ஆண்டர்சன்பேட்டையில் ஒரு கல்யாண மண்டபத்தில் ஷாஃப்ட் செவன் வந்து இறங்கியது. புத்தகத்துக்காக நடக்கிற ரசிகர் சந்திப்பு. மண்டபத்துக்குள் எண்ணூறு பேர், வெளியே அதைவிட அதிகம். பளபளக்கிற ஹெல்மெட் போட்டுக்கொண்டு ஐந்து பையன்களும் மேடையில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார்கள். சுரங்கத்துத் தூசி அந்த ஹெல்மெட்டுகளை மோந்துகூடப் பார்த்திருக்காது. ஸ்டீவன் ஓரத்தில் ஒரு நாற்காலியில் இருந்தான். கேள்வி நேரம் வந்தது. கூட்டத்தில் மைக் சுற்றியது. வின்னி கையைத் தூக்கி மைக்கை வாங்கி அம்மாவிடம் கொடுத்தாள்.

“எண்பத்தெட்டாம் பக்கத்தை எடுங்க” என்றாள் ஐடா. மைக்கை இறுகப் பிடித்திருந்தாள். பயமில்லை, கோபம்தான். “ராஜப்பா எங்க கீறாரு? பெல்லுக்கு இருநூறு அடி உள்ள. வழி மூடிட்டுது. அப்புறம் எந்தப் பக்கத்துலயும் வழி தொறக்கல. இப்போ இருநூத்தி நாப்பத்தொண்ணு. அதே ஆளு பெல் அடிக்கிறாரு. எப்படி அடிச்சாரு? கையி இருநூறு அடி நீளமா?”

எண்ணூறு பேர் ஒரே நேரத்தில் பக்கம் புரட்டினார்கள். மேடையில் ரூபேஷ் சிரித்தபடி, “ஆன்ட்டி சூப்பரா படிச்சிருக்காங்க” என்றான். யாரும் சிரிக்கவில்லை.

“பெல் வரலன்னா டிரைவர் கேஜைத் தொடக் கூடாது. அதுவும் உங்க புக்குலயே நாப்பதாம் பக்கத்துல கீது. பெல் வரல. அதனால அவரு இழுக்கல. தூங்கவும் இல்ல. நான் ஏசுபாதம் பொண்ணு. எழுதினவன் என் தம்பி, அதோ உக்காந்துகினு கீறான். அவனையே கேளுங்க.”

ஸ்டீவன் தன் ஷூவைப் பார்த்தான். அதுவே போதுமாக இருந்தது.

முன்வரிசையிலிருந்து ஒருவன், “எயிட்டி எயிட் கரெக்ட்தாண்டா” என்று கத்தினான். ரூபேஷைத் தவிர மற்ற நால்வருக்கும் தனித்தனியாக ரசிகர் கூட்டம் உண்டு. ரூபேஷுக்கே எல்லாக் கதையும் போகிறது என்று அவர்களுக்கு ரொம்ப நாள் கடுப்பு. ஒரு பெண் எழுந்து, கண்ணில் தண்ணீரோடு, “அப்போ மத்த நாலு பேரும் கீழே மாட்டிக்கிட்டது இந்த ராஜப்பாவாலயா? பெல்லை விட்டுட்டு ஓடிட்டானா?” என்று கேட்டாள். பின்னாலிருந்து ‘பெல் அடிக்காதவன், பெல் அடிக்காதவன்’ என்று தாளத்தோடு எழும்பியது. அவன் ஓடினான் என்று ஐடா சொல்லவே இல்லை. ஆனால் அதைத் திருத்த அவளுக்குத் தோன்றவில்லை. முப்பத்திரண்டு வருஷத்தில் அவ்வளவு சந்தோஷமாக அவள் இருந்ததில்லை. அதை மறைத்து ஆவதென்ன?

வீட்டுக்கு வந்ததும் வராததுமாக அப்பாவிடம் சொன்னாள். அவர் அப்போதுதான் சாப்பிட உட்கார்ந்திருந்தார். எல்லாவற்றையும் கேட்டார். பிறகு தட்டைத் தள்ளி வைத்தார்.

“ராஜப்பா பெல் அடிக்கலன்னு மைக்குல சொன்னியா?”

“உண்மையைத்தானே சொன்னேன்?”

ஏசுபாதம் எழுந்து போய்ப் படுத்துக்கொண்டார். காலையில் இட்லி வைத்தாள், தொடவில்லை. டீ ஆடை கட்டிக் கிடந்தது. உங்களுக்காகத்தான் இவ்வளவும் செய்தேன் என்று அவர் முதுகைப் பார்த்துக் கத்தினாள். முதுகு அசையவில்லை.

சர்ச்சுக்குக் கிளம்பும் நேரத்தில் வின்னி போனைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள். “மம்மி, எல்லாரும் சரோஜம்மா ஆயா வூட்டுக்குப் போயிட்டாங்க.”

ஐடா சேலையை வாரிச் செருகிக்கொண்டு பின் லைனுக்கு ஓடினாள். ஐந்தாவது வீட்டு வாசலில் நாற்பது பேர் நின்றார்கள். போன வாரம் காலைத் தொட்டுக் கும்பிட்டவர்களும் அதில் இருந்தார்கள். ரூபேஷ் போஸ்டர் பாதியாகத் தொங்கியது. கழுத்திலிருந்த டோக்கன்களைக் கழற்றி வாசற்படியில் எறிந்துகொண்டிருந்தார்கள். ஒவ்வொன்றும் டங் டங்கென்று கல்லில் பட்டுத் தெறித்தது. ஒரு பையன் ஜன்னல் வழியாகக் கையை நுழைத்து, மாலை போட்ட ராஜப்பா படத்தை வீடியோ எடுத்துக்கொண்டிருந்தான். சுவரில் பெயின்ட் ஈரம் காயவில்லை. ‘ஓடிப்போனவன் வீடு.’

ஐடா கூட்டத்தை முழங்கையால் இடித்துக்கொண்டு உள்ளே போனாள். சரோஜம்மா தரையில், சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அழவில்லை.

“நீயா சொன்னே ஐடா?”

“அத்தே, நான் எங்கப்பாவைப் பத்திதான்...”

“உங்கப்பா எங்கிட்ட வேற சொன்னாரே.” சரோஜம்மா நிதானமாகப் பேசினாள். “பொணம் வந்த அன்னிக்கு, பெல்லை உட்டுட்டு உசுருக்குப் பயந்து உள்ள ஓடிட்டான்னு மேஸ்திரிங்க பேசிக்கினாங்க. எம் புருஷன் பொணத்துக்கு முன்னாடியே நின்னு பேசினாங்க. உங்கப்பாதான் வந்து, எல்லாருக்கும் கேக்குற மாதிரி சொன்னாரு. ‘உன் புருஷன் பெல்லை உடல சரோஜா. கடைசி வரைக்கும் அடிச்சான். எனக்குக் கேட்டுது. நான்தான் இழுக்கல’ன்னாரு. அத்தோட எல்லாரும் வாய மூடினாங்க. அந்த ஒரு வார்த்தைய வெச்சுக்கினுதான் ரெண்டு பசங்கள வளத்தேன். அப்பன் பெல்லை உடாதவன்டான்னு சொல்லிச் சொல்லி வளத்தேன்.” ஐடாவை நிமிர்ந்து பார்த்தாள். “அது பொய்யா?”

ஐடா அவள் எதிரில் தரையில் உட்கார்ந்தாள். ஊர்ப்பேச்சு எங்கே பிறந்தது என்று அவள் முப்பத்திரண்டு வருஷம் தேடியிருக்கிறாள். அந்த மேஸ்திரியை, இந்தப் பக்கத்து வீட்டுக்காரியை, யூனியன்காரர்களை எல்லாம் மனதுக்குள் நிற்க வைத்துச் சபித்திருக்கிறாள். அது அவள் அப்பாவின் வாயிலேயே பிறந்திருக்கிறது. பெல் கேட்டது, இழுக்கவில்லை என்று ஒருவர் சொன்னால் ஊர் என்ன நினைக்கும்? தூங்கினான் என்றுதான் நினைக்கும். அதைத் தெரிந்தேதான் சொல்லியிருக்கிறார். அதற்குப் பிறகு மகளுக்கு என்ன ஆகும், மகனுக்கு என்ன ஆகும் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அம்மாவிடம் மட்டும் உண்மையைச் சொல்லி அழுதுவிட்டு, மற்ற எல்லாவற்றையும் அந்த நாற்காலியில் உட்கார்ந்தபடி விழுங்கிவிட்டார். அவரை இப்போதே போய் உலுக்க வேண்டும் போல அவளுக்கு ஆத்திரம் வந்தது. ஸ்டீவனின் பத்து வருஷம், அவளுடைய டிபன் பாக்ஸ், ஜன்னலோரச் சிரிப்பு, எல்லாவற்றுக்கும் பதில் சொல்லுங்கள் என்று கேட்க வேண்டும்.

வெளியே இன்னொரு டோக்கன் படியில் விழுந்தது. சரோஜம்மா அந்தச் சத்தத்துக்குக் கண்ணை மூடித் திறந்தாள். கேட்ட கேள்வி அவள் முகத்தில் அப்படியே நின்றது.

ஐடா எழுந்து வாசலுக்கு வந்தாள். படியில் சிதறிக் கிடந்த டோக்கன்களின் மேலேயே நின்றாள்.

“நேத்து மைக்குல பேசினவங்கதானே நீங்க?” என்றாள் ஒரு பெண், போனை உயர்த்திக்கொண்டே.

“நான்தான். எடுத்துக்கோ, நல்லா எடுத்துக்கோ. நேத்து நான் சொன்னது பொய்.”

கூட்டம் அடங்கியது. அந்தப் பெண் விடவில்லை. “எயிட்டி எயிட்ல தெளிவா இருக்கே? இருநூறு அடி...”

“எண்பத்தெட்டு தப்பு. எழுதினவன் என் தம்பி. அவன் ஒரு நாளும் ஷாஃப்ட்டுக்குள்ள எறங்கினவன் இல்ல. ராஜப்பா பெல் அடிச்சாரு. கடைசி வரைக்கும் அடிச்சாரு. மேல கேட்டுது.” அதோடு நிறுத்திக்கொள்ளலாமா என்று ஒரு கணம் பார்த்தாள். நிறுத்தினால் இவர்கள் நம்பமாட்டார்கள். இன்னொரு பக்க எண்ணைத் தேடுவார்கள், நாளை மறுபடி இங்கேயே வருவார்கள். வாயிலிருந்து அந்த வாக்கியத்தை இழுத்து வெளியே போட்டாள். “எங்கப்பா தூங்கிட்டாரு.”

“உங்கப்பா பேரைக் காப்பாத்த ஒரு செத்தவர் மேல பழி போட்டீங்களா?”

“ஆமா.”

“ச்சீ” என்றாள் அந்தப் பெண். வேறொருவன் வேறு வார்த்தை சொன்னான். ஐடா கேட்டுக்கொண்டாள். வேறு நாளாக இருந்தால் அவன் பல் அவன் கையில் இருந்திருக்கும். “பேசியாச்சா? இப்போ குனிஞ்சு பொறுக்குங்க இதையெல்லாம். அந்தச் செவுத்தையும் கழுவிட்டுத்தான் போவணும். எழுதினவன் யாருன்னு எனக்குத் தெரியும்” என்றாள். அவளுக்குத் தெரியாது. ஆனாலும் இரண்டு பேர் குனிந்தார்கள், பிறகு நாலு பேர். ஒருத்தி பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்துச் சுவரில் ஊற்றினாள்.

கூட்டம் கலைந்த பிறகு சரோஜம்மா எழுந்து வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஐடாவின் முகத்தையே வெகுநேரம் பார்த்தாள். நம்பினாளா இல்லையா என்று ஐடாவால் கண்டுபிடிக்க முடியவில்லை. கேட்கவும் துணிவு வரவில்லை.

“அண்ணன் சாப்ட்டாரா?” என்றாள் சரோஜம்மா.

“இல்ல அத்தே. நேத்து ராத்திரிலேர்ந்து.”

“போயிச் சோறு போடு.”

ஐடா வீட்டுக்கு வந்தபோது ஏசுபாதம் எழுந்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வின்னியின் போனிலிருந்து அவருக்கு எல்லாம் கேட்டிருக்க வேண்டும், ஆனால் அவர் ஒன்றும் தெரியாத மாதிரியே கேட்டார்.

“இன்னா சொன்னே?”

“நீங்க தூங்கிட்டீங்கன்னு சொன்னேன்.” அவள் குரல் உடைந்தது, கோபத்தில்தான். “போதுமா? முப்பத்திரெண்டு வருஷம் கழிச்சு என் வாயாலயே சொல்ல வெச்சிட்டீங்க. ஸ்டீவனுக்கு நீங்களே பதில் சொல்லுங்க. அவனுக்கு நான் சொல்ல மாட்டேன்.”

“சொல்றேன். வரச் சொல்லு அவனை” என்றார் ஏசுபாதம்.

அவள் அடுப்படிக்குப் போய்ச் சோற்றைத் தட்டில் கொட்டிக்கொண்டு வந்து டொங்கென்று வைத்தாள். அவர் தட்டை இழுத்து முன்னால் வைத்துக்கொண்டார். அந்த நேரம் பார்த்து ஜன்னலுக்கு வெளியே பெல் அடித்தது. ஒன்று, இரண்டு, மூன்று. சிரிப்புச் சத்தம் கேட்டது. ஐடா வாசலுக்குப் பாயத் திரும்பினாள்.

ஏசுபாதம் எழவில்லை. வலது கை சோற்றிலேயே இருந்தது.

“நில்லு. கொழம்பு ஊத்து” என்றார்.